கள்ளத்தோணிக் காய்ச்சல்

இது எந்த வருஷம் நடந்தது என்று கேட்டால் தடுமாறுவேன். இலங்கை, இந்தியா இரண்டு நாட்டுப் பிரதமர்களும் உட்கார்ந்து தோட்டத்துத் தமிழர்களான எங்களைப் பங்கு பிரித்துக்கொள்வதற்குக் கொஞ்சம் முன்பு என்பது மட்டும் நிச்சயம். விழா நடந்த அன்று நுவரெலியாவில் மழை கொட்டியதாகத்தான் எனக்கு ஞாபகம். சபைத் தலைவரின் பேச்சை நினைத்தால், தகரக் கூரையில் மழை விழும் சத்தமும் சேர்ந்தே கேட்கிறது. மூக்கனின் மனைவி காளியாயி அன்றைக்கு மழையே இல்லை என்கிறார். நல்ல வெயிலாம். அந்த வெயிலில் தன் புருஷன் நடுங்கிக்கொண்டு நின்றதால்தான் மறக்கவில்லையாம். அவர் சொல்வது சரியாக இருக்கலாம். நான் புத்தகம் படிக்கிறவன். படிக்கிறவர்கள் தங்களுக்கு வேண்டிய இடத்தில் மழையைப் போட்டுக்கொள்வார்கள்.

மற்றவற்றை, குதிரை உட்பட, நான் இட்டுக்கட்டவில்லை.

அப்போது நான் வட்டகொடைக்கு மேலே இருந்த ஒரு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். பள்ளிக்கூடம் என்றால் ஒரே ஓர் அறை. நான் அதிகம் பேசமாட்டேன். சில நாட்களில் மாலையில் பிள்ளைகள் போனபின் மூடிய வாயை மறுநாள் அவர்கள் வந்து வணக்கம் சொல்லும்போதுதான் திறப்பேன். பூண்டுலோயாக் கடைவீதியில் சிங்களப் பிள்ளைகளோடு வளர்ந்ததால் சிங்களம் நன்றாக வரும். சொந்தப் பேச்சு இல்லாத, இரண்டு பாஷை தெரிந்த ஆள் மொழிபெயர்ப்புக்குத் தோதானவன் என்று தோட்டத்து ஆபீசான கந்தோரில் முடிவு செய்திருந்தார்கள். அப்படித்தான் நான் தேசியக் குளிர்க்காய்ச்சல் நிறைவுச் சபையின் நடவடிக்கைகளுக்குள் வந்துசேர்ந்தேன்.

சபையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மலேரியா என்கிற அந்தக் குளிர்க்காய்ச்சலை ஒழித்தவர்கள் வேறு ஆட்கள். முதுகில் மருந்துத் தொட்டியைச் சுமந்துகொண்டு காடு மேடெல்லாம் அலைந்து, குடிசை குடிசையாகச் சுவருக்கு மருந்தடித்தவர்கள். நாடு முழுவதும் தேடினாலும் ஒரு கைப்பிடி நோயாளிகள் கிடைப்பதே அரிது என்ற நிலைக்கு அவர்கள் கொண்டுவந்து விட்டார்கள். சபை அதற்குப் பிறகு வந்தது. ஒழிப்பது அதன் வேலையல்ல. ஒழிந்துவிட்டது என்று அறிவிப்பது அதன் வேலை.

அதற்காகச் சபை ஊர் ஊராகப் பச்சைத் தகரப் பலகை நட்டது. 'இங்கு குளிர்க்காய்ச்சல் நிறைவு பெற்றது' என்று அதில் எழுதியிருந்தது. சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மட்டும் எழுதியிருந்ததால், வட்டகொடை ஸ்டேஷனுக்கு எதிரில் பலகை நட்ட வாரம் எங்கள் ஆட்கள் புதிய பஸ் ஒன்று ஓடப்போகிறது என்று நினைத்து மூட்டை முடிச்சோடு அதன் கீழே நின்றார்கள். பஸ் வரவில்லை. பலகை மட்டும் இருந்தது.

பிறகு சபை காய்ச்சல் மாத்திரைகளான குளிசைகளைத் திரும்ப வாங்கியது. சபையின் பிரதேச உத்தியோகத்தர் இராசரத்தினம் ஜீப்பில் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், வெள்ளைக் காற்சட்டை, சட்டைப் பையில் பேனா. எங்கள் தோட்டத்து டிஸ்பென்சரியைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் தம்பிஐயாவும் யாழ்ப்பாணத்தவர்தான். இரண்டு பேரும் தேநீர் குடித்தார்கள். குளிர்க்காய்ச்சல் குளிசைக் குப்பிகளை எண்ணிப் பெட்டியில் அடைத்தபடி இராசரத்தினம் விளக்கம் சொன்னார்.

"மருந்து இருக்கிற இடத்திலை காய்ச்சல் வருத்தம் இருக்கெண்டுதானே வெளிநாட்டுக்காரர் நினைப்பினம், டொக்டர்."

"வருத்தம் வந்தால்?" என்றார் தம்பிஐயா.

"வராது. பலகை நட்டாச்சு."

தம்பிஐயா சர்க்கரை இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டார். ஓய்வு பெற அவருக்கு அதிக காலம் இருக்கவில்லை.

மூக்கன் கவ்வாத்துக்காரர். தேயிலைச் செடியை வருஷம் பார்த்து வெட்டிவிடுகிற வேலை. கத்தி பிடித்தால் மலையில் அவருக்கு நிகரில்லை. கந்தோர் என்றால் மட்டும் கால் பின்னிக்கொள்ளும். கந்தோர்ச் சுவரில் தொங்கும் கடிகாரத்துக்குக்கூடத் தலைத்துண்டை அவிழ்ப்பவர். அவருடைய பிரஜாவுரிமை மனு வருஷக்கணக்காக எங்கெங்கோ கிடந்து, ஒருமுறை தள்ளுபடியாகி, அப்பீலுக்குப் போய், கடைசி விசாரணைக்குத் தேதி குறித்துக் கடதாசி வந்தது. இந்தியாவுக்குப் போய்வராமல் இந்த நாட்டிலேயே தொடர்ந்து வாழ்ந்தவர் என்று காட்டவேண்டும். காட்டினால் இருக்கலாம். இல்லாவிட்டால் அவரும் காளியாயியும் பிள்ளைகளும் எந்த நாட்டு ஆட்களும் இல்லை. எந்த நாடும் இல்லாதவர்களைக் கப்பலேற்றுவது பற்றி ரேடியோவில் தினமும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மனு ஜெயிக்கவேண்டும் என்று மூக்கன் கீழ்நாட்டுக் கதிர்காம முருகனுக்கு நேர்ந்துகொண்டார். ஆடியில் மாலை போட்டு, நுவரெலியா, வெலிமடை, வெல்லவாய என்று கால்நடையாகவே இறங்கினார். மாணிக்க கங்கைக் கரையில் மணலில் படுத்தார். காவடி எடுத்தார். விபூதியோடு திரும்பினார். இரண்டு வாரம் கழித்துக் கவ்வாத்து மலையில் பட்டப்பகலில் அவருக்குப் பல் கிட்டித்தது.

காளியாயி கொழுந்துக் கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்து, கம்பளியால் சுற்றி, அவரை டிஸ்பென்சரிக்குக் கூட்டிவந்தார். தம்பிஐயா வயிற்றை அமுக்கிப் பார்த்தார். விரலில் குத்திக் கண்ணாடித் துண்டில் இரத்தம் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினார். ஒருநாள் விட்டு ஒருநாள், ஏறக்குறைய அதே நேரத்துக்கு மூக்கனுக்குக் குளிர் வந்தது. ரெயிலைவிட ஒழுங்கு என்று தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் சொன்னார்கள்.

கொழும்பிலிருந்து குளிசை வரவில்லை. ஜீப் வந்தது. இந்த முறை இராசரத்தினத்தோடு சபைத் தலைவரும் வந்தார். உயரமானவர், இனிமையாகப் பேசுகிறவர், வெளிநாட்டு மாநாடுகளுக்குப் போய்வந்தவர். அவர் தமிழ் அறியாதவர். விசாரணை என் பள்ளிக்கூடத்தில் நடந்தது. பிள்ளைகளுக்கு விடுமுறை விட்டார்கள். தலைவர் என் நாற்காலியிலும் இராசரத்தினம் என் மேசை மேலும் உட்கார்ந்தார்கள். மூக்கன் முதலாம் வகுப்புப் பிள்ளைகளின் வாங்குப் பலகையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

விசாரணை அரச கருமம் என்பதால் சிங்களத்தில்தான் நடக்கவேண்டும். ஆகவே தமிழரான இராசரத்தினம் சிங்களத்தில் கேட்டார். தமிழனான நான் அதைத் தமிழராகிய மூக்கனுக்குத் தமிழில் சொன்னேன். மூக்கன் தமிழில் பதில் சொன்னார். இராசரத்தினம் அது காதில் விழாதவர் போல கூரை மோட்டைப் பார்த்துக்கொண்டு, நான் சிங்களத்தில் சொல்லும்வரை காத்திருந்தார். என் சிங்களம் விளங்காத இடங்களில், தலைவர் அந்தப் பக்கம் திரும்பும்போது, "தமிழிலை என்ன சொன்னவர்?" என்று மெதுவாகக் கேட்டுக்கொண்டார். அரச உத்தியோகத்தர்கள் எழுதவேண்டிய சிங்களப் பரீட்சையில் அவருக்கு இன்னும் ஒரு தாள் பாக்கி.

முதல் கேள்வி, உன் ஊர் எது.

"தொறையூருங்க" என்றார் மூக்கன்.

லயத்தில் யாரைக் கேட்டாலும் இப்படித்தான் சொல்வார்கள். பாட்டன் எந்தக் கிராமத்திலிருந்து கப்பலேறினாரோ அந்தக் கிராமத்தின் பெயர். கல்யாணம் பேசும்போது அதைச் சொல்வார்கள், சாவு வீட்டில் அதைச் சொல்வார்கள். தோட்டம் வேலை செய்கிற இடம். அதற்குப் பெயர் வைத்தவர் யாரோ ஒரு துரை. துரை வைக்காத பெயர் ஒன்று வேண்டுமே என்று பாட்டனின் ஊரை வைத்துக்கொண்டிருந்தார்கள். மூக்கன் துறையூரைப் பார்த்ததில்லை. அவருடைய அப்பாவும் பார்த்ததில்லை.

இதையெல்லாம் நான் தலைவருக்குச் சொல்லத் தொடங்கினேன். மொழிபெயர்ப்பாளர் மொழிபெயர்த்தால் போதும், விளக்கத் தேவையில்லை என்று அவர் இனிமையாகச் சொன்னார். இராசரத்தினம் 'துறையூர், இந்தியா' என்று எழுதி அடிக்கோடிட்டார். இரண்டு பேர் முகத்திலும் ஒரு நிம்மதி தெரிந்தது. அன்றைய வேலை முடிந்துவிட்ட நிம்மதி.

தலைவர் சுவரில் தேசப்படம் ஒன்றை மாட்டி எங்களுக்கு விளக்கினார். "இந்த மலையின் உயரத்துக்குக் காய்ச்சலைப் பரப்பும் நுளம்பு வராது. அது விஞ்ஞானம். ஆகவே காய்ச்சல் இங்கே பிடித்ததல்ல. கதிர்காமத்தில் பிடித்தது என்கிறாய். கதிர்காமத்தில் நம்முடைய பலகை இருக்கிறது. வெல்லவாயவில் பலகை இருக்கிறது. நீ நடந்த பாதை முழுவதும் பலகை இருக்கிறது. பலகை இருக்கும் இடத்தில் காய்ச்சல் இருந்தால் பலகை பொய் என்றாகிவிடும். பலகை மேலிடத்து அங்கீகாரம் பெற்றது. ஆகவே நம்முடைய பலகை இல்லாத ஏதோ ஓர் இடத்தில்தான் உனக்குக் காய்ச்சல் பிடித்திருக்க வேண்டும்."

கோலை எடுத்துப் படத்தின் மேல் ஓரத்தில், கடலுக்கு அப்பால், எதுவும் வரையப்படாத இடத்தைத் தட்டினார்.

நான் அதை மூக்கனுக்குச் சொன்னேன்.  "இந்தியாவுக்கு நான் போனதே இல்லீங்களே. கடலையே பாத்ததில்லீங்க."

மொழிபெயர்த்தேன். தலைவர் அனுதாபத்தோடு தலையாட்டினார்.

"கள்ளத்தோணியில் வருபவர்கள் இருட்டில்தான் வருகிறார்கள். அவர்கள் கடலைப் பார்ப்பதில்லை."

அதையும் மூக்கனுக்குத் தமிழில் சொன்னேன்.  

இராசரத்தினம் கைப்பையிலிருந்து ஒரு குப்பியை எடுத்து மேசைமேல் வைத்தார். குளிசை. பக்கத்தில் ஒரு கடதாசி. காய்ச்சலை இந்தியாவிலிருந்து அண்மையில் கொண்டுவந்தேன் என்று அதில் எழுதியிருந்தது. கீழே கைநாட்டு வைத்தால் மூக்கனுக்கு ஒரு நோயாளி இலக்கம் கிடைக்கும். இலக்கம் கிடைத்தால் குளிசை கிடைக்கும். இலக்கமில்லாத ஆளுக்குக் குளிசை கொடுப்பது, இல்லாத நோய்க்கு மருந்து கொடுத்ததாகிவிடும். அது மோசடி.

அன்று மூக்கனுக்குக் குளிர் வருகிற முறை. நேரமும் நெருங்கிக்கொண்டிருந்தது. அவர் குப்பியைப் பார்த்தார். வலது கை தானாக நீண்டது. இராசரத்தினம் மைப்பெட்டியைத் திறந்தார்.

வாசலில் நின்ற காளியாயி மலையிலிருந்து நேராக வந்திருந்தார். முதுகில் கூடை இருந்தது.

"இந்தாங்க," என்றார். "கட்டவெரல உள்ள மடக்குங்க."

மூக்கன் மடக்கினார். மற்ற நான்கு விரல்களையும் அதன்மேல் மூடினார். கட்டைவிரல் உள்ளே போய்விட்டது.

"இதுல வெரல வச்சா அங்க நம்ம மனு போச்சு," என்றார் காளியாயி. "காய்ச்சல் ஒடம்ப விட்டுப் போகும். நாம நாட்ட விட்டுப் போவணும்."

இராசரத்தினம் என்னைப் பார்த்தார். நான் அதைச் சிங்களத்தில் சொன்னேன். தலைவர் குப்பியை எடுத்துக் கைப்பைக்குள் போட்டார், கோபப்படாமல். "காத்திருக்கலாம்" என்றார். "காய்ச்சல் நம் பக்கம்."

அன்றிரவு மூக்கன் தூக்கத்திலும் கையைத் திறக்கவில்லை என்று காளியாயி சொன்னார். மறுநாள் மூக்கன் என்னைப் பார்க்க வந்தபோதும் கை மூடியபடியே இருந்தது. அவருக்கு வேறு ஒரு கவலை.

"மாஸ்டர், கதிர்காமத்துச் சாமி குடுத்த காய்ச்சல இந்தியாவுல வாங்குனேன்னு சொன்னா சாமி கோவிக்காதுங்களா?"

கோவிக்கும் என்றுதான் நினைக்கிறேன் என்றேன். அந்த வாரம் நான் சுயமாகச் சொன்ன ஒரே வாக்கியம் அது.

மூக்கனின் காய்ச்சலைச் சபையால் மறைக்க முடியவில்லை. இரத்தம் எடுத்த கண்ணாடித் துண்டை அப்போது கொழும்புக்கு வந்திருந்த வெளிநாட்டு நிபுணர் ஒருவர் பார்த்து, குளிர்க்காய்ச்சல்தான் என்று சொல்லித் தொலைத்திருந்தார். மறைக்க முடியாததால் கொண்டாடுவது என்று சபை முடிவுசெய்தது. நுவரெலியாவில் நிறைவு விழா. மேடையில் இரண்டு காட்சிப் பொருட்கள். ஒன்று, நாட்டின் கடைசி நுளம்பு, கண்ணாடிப் பெட்டியில். மற்றது, நாட்டின் கடைசி நோயாளி, வெளிநாட்டிலிருந்து வந்தவர். தலைவர் தன் கையாலேயே அவருக்குக் குளிசை கொடுப்பார். நோயாளி நன்றியோடு கைநாட்டு வைப்பார். பத்திரிகைக்காரர்கள் படமெடுப்பார்கள்.

சுபநேரம் பார்த்தார்கள். அந்த நாள் மூக்கனுக்குக் குளிர் வரும் நாளாக அமைந்துவிட்டது. இராசரத்தினம் டிஸ்பென்சரிக்கு வந்து, நோயாளி மேடையில் நடுங்கினால் பார்வைக்கு நன்றாயிராது, முறையை ஒருநாள் தள்ளிவைக்க வழியுண்டா என்று டாக்டரைக் கேட்டார்.

"குளிசை குடுத்தால் தள்ளிப்போகும்," என்றார் தம்பிஐயா.

"குளிசை மேடையிலைதானே, டொக்டர்."

"அப்ப நடுங்கட்டும்."

தம்பிஐயா அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. இராசரத்தினம் போனபின் அவர் என்னிடம், மூக்கனின் இரத்தமெல்லாம் போய்க்கொண்டிருக்கிறது, இன்னும் சில முறை குளிர் வந்தால் எழும்பமாட்டான் என்றார். சொல்லிவிட்டு, வெறும் குப்பிகள் இருந்த அலுமாரியைத் திறந்து பார்த்து மூடினார்.

விழாவுக்குப் போகாவிட்டால் பத்துச்சீட்டு என்று தோட்டத்துத் துரை சொல்லியனுப்பினார். பத்துச்சீட்டு என்றால் பேர் வெட்டித் தோட்டத்தை விட்டு அனுப்புவது. துரை வெள்ளைக்காரர், கெட்டவர் என்று சொல்லமுடியாது. தேயிலையையும், நுவரெலியாப் பந்தயத்துக்காக நியூசிலாந்திலிருந்து வரவழைத்த ஒரு பழுப்புக் குதிரையையும் தவிர மற்ற எதையும் அவர் உன்னிப்பாகப் பார்த்ததில்லை. சபை கேட்டது, அவர் சரி என்றார்.

அப்படியாக மூக்கன், காளியாயி, நான் மூவரும் ஜீப்பில் நுவரெலியாவுக்குப் போனோம். மூக்கனுக்கு ஒரு வெள்ளைச் சட்டை கொடுத்திருந்தார்கள். நெஞ்சில் ஓர் அட்டையைக் குத்தியிருந்தார்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். 'விருந்தினர்' என்றேன்.

மண்டபம் நிறைந்திருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கொடி பிடித்தார்கள். பாண்டு வாத்தியம் இருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் நுளம்பு பஞ்சின் மேல் கிடந்தது. வந்தவர்கள் வரிசையாகப் போய்ப் பார்த்தார்கள். ஒரு கனவான் அதன்முன் தொப்பியைக் கழற்றினார்.

தலைவர் பேசினார். இந்தப் பேச்சு எனக்கு நன்றாக ஞாபகமிருக்கிறது, மழையோடோ மழையில்லாமலோ.

"எங்கள் சபை இதுவரை ஒரு நோயாளியையும் குணப்படுத்தவில்லை என்று சிலர் குறை சொல்கிறார்கள். அவர்களுக்கு எங்கள் பணி விளங்கவில்லை. குணப்படுத்துவதென்றால் நோயாளி ஒருவர் வேண்டும். நோயாளி ஒருவர் இருந்தால் நாங்கள் தோற்றுவிட்டோம் என்று பொருள். ஆகவே ஒருவரையும் குணப்படுத்தாததே எங்கள் வெற்றி." கைதட்டினார்கள். "இந்த மண்ணின் மக்களுக்கு இனிக் காய்ச்சல் இல்லை. காய்ச்சல் உள்ளவர் இந்த மண்ணின் மகன் அல்லர். இதைவிட எளிமையான திட்டம் உலகில் எந்த நாட்டிலும் இல்லை என்று எங்கள் விருந்தினர்களே வியந்தார்கள்."

பிறகு மூக்கனை அழைத்தார்கள். நான் மொழிபெயர்க்கக் கூடவே போனேன். அப்போதே அவருக்கு உதடு நீலம் பாரித்திருந்தது. ஒரு தாம்பாளத்தில் குளிசைக் குப்பி, கடதாசி, மைப்பெட்டி. தலைவர் சிரித்தபடி கையை நீட்டினார். மூக்கன் மூடிய கையை நீட்டினார். தலைவர் அதை இரண்டு கைகளாலும் பற்றினார். சிரிப்புக் குறையாமல் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கத் தொடங்கினார். சுண்டுவிரல் விரிந்தது. மோதிரவிரலுக்கு அவர் போனபோது சுண்டுவிரல் மறுபடி மூடிக்கொண்டது. நாள் முழுக்கக் கவ்வாத்துக் கத்தி பிடிக்கிற கை அது. படக்காரர்கள் படமெடுத்தார்கள். மறுநாள் பத்திரிகையில் அந்தப் படம் வந்தது. 'தலைவர் அன்போடு கைகுலுக்குகிறார்' என்று கீழே போட்டிருந்தார்கள்.

கைகுலுக்கல் நீண்டுகொண்டே போனதால், சபையோர் முன்னிலையில் நோயாளி ஒரு வார்த்தை பேசுவார் என்று இராசரத்தினம் ஒலிபெருக்கியில் அறிவித்தார். 'இந்தியாவில் பிடித்தது, நன்றி' என்று சொன்னால் போதும் என்று ஜீப்பில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

மூக்கன் தலைத்துண்டை அவிழ்க்கக் கையைத் தூக்கினார். பாதியில் கை நின்றது. துண்டு அப்படியே இருந்தது. பல் அடித்துக்கொண்டதால் விட்டுவிட்டுத்தான் பேசினார்.

"எனக்குக் கடலும் தெரியாது, இந்தியாவும் தெரியாதுங்க. காய்ச்சல் கதிர்காமத்துல வந்திச்சு. நான் இந்த நாட்டு ஆளுன்னு ஒரு கடதாசி குடுங்கன்னு கேட்டுக்கிட்டே இருக்கேன், யாரும் குடுக்கல. இந்தக் காய்ச்சல் இந்த நாட்டுதுங்க. இந்த நாடு எனக்குக் குடுத்தது இது ஒண்ணுதாங்க. இதையும் விட்டுக்குடுன்னா நான் குடுக்கமாட்டேன்."

இராசரத்தினத்தின் முகத்தைப் பார்த்துவிட்டு, மொழிபெயர்க்க வேண்டாம் என்று தலைவர் கண்ணால் சொன்னார். மொழிபெயர்ப்பாளர் மொழிபெயர்த்தால் போதும் என்று அவர்தான் முன்பு சொல்லியிருந்தார். நான் மொழிபெயர்த்தேன். கூட்டவில்லை, குறைக்கவில்லை. நல்ல ஒலிபெருக்கி. என் குரல் அவ்வளவு தூரம் போகும் என்று எனக்குத் தெரியாது.

யாரோ சைகை காட்ட, பாண்டு வாத்தியம் தொடங்கியது. தாம்பாளத்தைத் துணியால் மூடி உள்ளே கொண்டுபோனார்கள். குப்பியும் அதோடு போனது.

திரும்பிவர எங்களுக்கு ஜீப் இல்லை. பஸ்ஸில் நானுஓயாவுக்கு வந்து, அங்கிருந்து ரெயிலில் வட்டகொடைக்கு இறங்கினோம். ஸ்டேஷனிலிருந்து லயத்துக்கு மூக்கனை நானும் காளியாயியும் கம்பளியில் தூக்கினோம். பச்சைப் பலகையைத் தாண்டும்போது காளியாயி ஒரு கணம் நின்று, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். படித்துச் சொன்னேன். கம்பளியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

மறுநாள் சபையிலிருந்து தோட்டத்துக்குத் தகவல் வந்தது. மூக்கன் என்று ஒரு நோயாளி சபையின் பதிவில் இல்லை. இரத்தம் எடுத்த கண்ணாடித் துண்டு தவறுதலாக உடைந்துவிட்டது. விழா இனிதே நிறைவுற்றது.

அதற்கு அடுத்த காலையில் பெரட்டு. எல்லோரையும் வரிசையாக நிறுத்தி, எந்த மலையில் வேலை என்று பிரிப்பார்கள். அன்று பெரட்டு ஒழுங்காக நடந்தது. பெண்கள் கூடையை மாட்டினார்கள், மலைக்கு ஏறினார்கள், நிரை பிடித்து நின்றார்கள். நின்றபடியே இருந்தார்கள்.

கங்காணி சத்தம் போட்டுப் பார்த்தார். வேலை செய்ய மாட்டோம் என்று யாரும் சொல்லவில்லை. ஒவ்வொருவராகக் கையைக் காட்டினார்கள். நான்கு விரல் வெளியே, கட்டைவிரல் உள்ளே. கொழுந்து பறிப்பது கட்டைவிரலாலும் ஆட்காட்டி விரலாலும்தான். கட்டைவிரலை மடக்கிக்கொண்டால், ஆயிரம் செடிக்கு நடுவில் நின்றாலும் ஓர் இலையும் வராது.

"கட்டவெரலு சொகமில்லீங்க கங்காணி," என்றார் முதல் நிரையில் நின்ற பூரணி. "சபைக்காரங்க வந்து இழுத்ததுலேர்ந்து."

"ஒன்னையா இழுத்தாங்க?"

"எங்க ஆள இழுத்தாங்க. எனக்கு வலிக்குது."

கவ்வாத்து மலையில் ஆண்களுக்குக் கத்தி பிடிபடவில்லை. ஸ்டோரில் கொழுந்து வாட்டும் தட்டுகள் காலியாகக் கிடந்தன. நல்ல கொழுந்துக் காலம் அது. ஒவ்வொரு நாளும் இலை முற்றியது. லயத்தில் மூக்கனுக்கு மறுபடி குளிர் வந்துபோனது. அதற்குப் பிறகு அவர் எழுந்து உட்காரவில்லை. காளியாயி இரவில் அவர் பக்கத்தில் இருந்தார், காலையில் மலைக்கு வந்து விரலை மடக்கிக்கொண்டு நின்றார்.

மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா சொன்னதை நம்பாமல், துரை பழுப்புக் குதிரையில் ஏறித் தானே மலைக்கு வந்தார். நிரைநிரையாக மூடிய கைகளைப் பார்த்தார். முற்றிப்போன இலையைக் கிள்ளிப் பார்த்தார். அது வளையவில்லை, முறிந்தது. கடைசியில் காளியாயி முன் குதிரையை நிறுத்தி, இந்தக் கட்டைவிரல் நோய்க்கு என்ன மருந்து என்று, மொழிபெயர்க்கக் கூட்டிவந்திருந்த என்னைக் கேட்கச் சொன்னார்.

"ஒரு குப்பி குளிச வந்தா எல்லாருக்கும் சரியாப் போயிருமுங்க," என்றார் காளியாயி.

துரை பங்களாவுக்குப் போய்த் தொலைபேசியை எடுத்தார். மூக்கனின் உடம்பு கேட்டும் வராத குளிசை, கொழுந்து கேட்டதும் அன்று பின்னேரமே ஜீப்பில் வந்தது.

ஆனால் ஒரு சிக்கல் பாக்கியிருந்தது. கந்தோர் வாசலில் குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு இராசரத்தினம் அதை விளக்கினார். நோய் நிறைவு பெற்றுவிட்டது. நோயாளி இல்லை என்று சபை எழுத்தில் கொடுத்துவிட்டது. குளிசையை யாருக்குக் கொடுத்ததாகப் பதிவது. யார் பெயரும் இல்லாமல் குப்பி சபையை விட்டு வெளியே போகமுடியாது.

துரை ஸ்டோரின் காலித் தட்டுகளை நினைத்துக்கொண்டு நின்றார். பிறகு லாயத்தைக் காட்டினார். என் குதிரையின் பெயரை எழுது என்றார்.

இராசரத்தினம் தொலைபேசியில் தலைவரைக் கேட்டார்.  தலைவர் மகிழ்ச்சியோடு சம்மதித்தார். குதிரை மனிதக் கணக்கில் வராது. வெளிநாட்டிலிருந்து வந்தது என்பதிலும் சந்தேகமில்லை, கப்பலில் வந்ததற்கு அத்தாட்சி இருந்தது. அதன் ஊர் எது என்று யாரும் விசாரிக்கத் தேவையில்லை. நோயாளியாக இருக்கவேண்டிய எல்லாத் தகுதியும் அதற்கு இருந்தது.

குப்பியைக் காளியாயியிடம் கொடுத்தபோது இராசரத்தினம் சிங்களத்தில் பேசவில்லை. என்னையும் கூப்பிடவில்லை.

"சாப்பாட்டுக்குப் பிறகு குடுக்கச் சொல்லுங்கோ, அம்மா. குதிரைக்கு."

"குதிர சொன்ன பேச்சு கேக்குமுங்க," என்றார் காளியாயி. "மடக்குன வெரல மட்டும் விரிக்காது."

இராசரத்தினம் சிரித்ததாகத்தான் நினைக்கிறேன். ஜீப்பில் ஏறும்போது முகம் அந்தப் பக்கம் இருந்தது.

மறுநாள் விடிந்ததும் கட்டைவிரல்கள் எல்லாம் குணமாகிவிட்டன. சில வாரங்களில் மூக்கனும் எழுந்து நடந்தார்.

பிறகு என்ன ஆனது என்று கேட்பீர்கள். சபை தன் பணியைப் பூர்த்தி செய்து கலைந்தது. தலைவர் வெளிநாட்டில் ஒரு பதவிக்குப் போனார். இராசரத்தினம் சிங்களப் பரீட்சையில் கடைசித் தாளை எழுதாமலே ராஜினாமா செய்து, ஊரில் புகையிலைத் தோட்டம் வைத்தார். தம்பிஐயா ஓய்வு பெற்ற மறுவருஷம் இறந்தார். சில வருஷங்களில் கீழ்நாட்டில் காய்ச்சல் திரும்பி வந்தது, ஊர் ஊராக, பலகைகளைத் தாண்டி. அப்போது யாரும் யாருடைய ஊரையும் கேட்கவில்லை, கேட்க நேரமிருக்கவில்லை. அந்தக் குதிரை பந்தயத்தில் ஒருமுறையும் ஜெயிக்கவில்லை. சபையின் பதிவில் நாட்டின் கடைசி நோயாளி இன்றுவரை அதுதான். வட்டகொடைப் பச்சைப் பலகை இப்போது காளியாயி வீட்டு மாட்டுக்கொட்டிலுக்கு மேற்குப் பக்கத்துச் சுவர்.

மூக்கனின் பிரஜாவுரிமை விசாரணை குறித்த நாளில் நடந்தது. ஊர் எது என்று கேட்டார்கள். இந்தமுறை "வட்டகொடைங்க" என்றார். பதில் திருப்தியில்லை என்று மனுவைத் தள்ளிவிட்டார்கள். பிறகு இரண்டு பிரதமர்களின் ஒப்பந்தம் வந்தது. இந்தியாவுக்குப் போகச் சம்மதம் என்று கைநாட்டு வைக்க ஒரு கடதாசி கொண்டுவந்தார்கள். விரலை மடக்கிக்கொண்டார். அதற்குப் பிறகும் பலர் பல கடதாசிகளோடு வந்தார்கள். எந்த நாட்டுக் கடதாசியும் இல்லாமல், எங்கும் போகாமல், அதே லயத்தில் அதே ஒற்றை அறைக் காம்பராவில் பல வருஷம் வாழ்ந்து இறந்தார். குளிப்பாட்டும்போது வலது கை மூடியிருந்தது. யாரும் அதைப் பிரிக்கவில்லை.

நான் ஓய்வு பெற்றுக் கொட்டகலையில் இருக்கிறேன். காளியாயி இருக்கிறார். அன்று மழை பெய்யவில்லை என்கிறார்.